பெயர் எழுதாத கூடை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மஞ்சக்குப்பம் வாசகி ஒருவர் அனுப்பிய படத்தைப் போட்டிருந்தோம். கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குள் இருக்கும் பழைய கூடை அது. அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருவர் கேதுரு மரத்தின் வேரில் செய்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளே இந்த மாதத்துக்குப் போதுமானதாக இருக்கின்றன. முதல் கேள்வி படம் அனுப்பிய அம்மாவுடையது.

மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அந்த இழுப்பறையை இழுத்ததும் எங்கள் ஆயா கொள்ளு போட்டு வைத்திருந்த ஓலைப்பெட்டியே உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது, அங்கேயே கண் கலங்கிவிட்டது. இது பைபிளில் வரும் லீபனோன் கேதுருவா? இந்த மாதிரிக் கூடையில் தண்ணீர் எடுப்பார்கள், சமைப்பார்கள் என்று மகன் படித்துச் சொன்னான். கூடையில் எப்படிச் சமைப்பது? அடுப்பில் வைத்தால் எரிந்துவிடாதா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். பைபிளின் கேதுருவும் நம் இமயமலைத் தேவதாருவும் ஒரே இனம். கனடாவின் மேற்குக் கரையில் வளரும் சிவப்பு கேதுரு அந்த இனத்தைச் சேர்ந்ததே இல்லை, வந்து இறங்கிய ஐரோப்பியர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது சைப்ரஸ் குடும்பத்து மரம், தாவரவியல் பெயர் துஜா பிளிகேட்டா. துஜா என்றால் நம் வீடுகளில் உடனே தெரியும், மரு உதிர்வதற்கு ஓமியோபதிக் கடையில் வாங்குகிறோமே, அந்த மருந்து இதே துஜாவின் இன்னொரு வகையிலிருந்து எடுப்பது.

60 மீட்டர் உயரத்துக்கு வளரும், ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கும். நமக்குப் பனை எப்படியோ அந்தக் கரை மக்களுக்கு இது அப்படி. கட்டையில் வீடும் தோணியும், உள்பட்டையில் பாயும் கயிறும் தொப்பியும் மேலாடையும், வேரில் கூடை. ஹைடா, மாக்கா, நூ-சா-நுல்த், சேலிஷ் என்று பல மக்கள் அங்கே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கைவழக்கம். உங்கள் படத்தில் இருப்பது சேலிஷ் பெண்கள் பெயர் பெற்ற சுருள் வேலை.

அதாவது இது நம் ஓலைப்பெட்டி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது இல்லை. தோண்டியெடுத்த வேரை ஈரத்தோடு நீளவாக்கில் பிளந்துகொண்டே போவார்கள். மட்டமான சிம்புகளை ஒரு கட்டாகச் சேர்த்து உள்ளே வைத்து, நல்ல வேர் நாரால் அதைச் சுற்றிச் சுற்றிக் கீழ்ச் சுற்றோடு தைப்பார்கள். தையலுக்கு வழிவிட எலும்பில் செய்த குத்தூசியால் ஒவ்வொரு முறையும் துளை போட வேண்டும். அடியில் தொடங்கி, தேங்காய்நார்க் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல சுற்று மேல் சுற்றாக ஏறிக்கொண்டே வரும். நடுத்தரமான ஒரு கூடையிலேயே ஆயிரக்கணக்கான தையல் இருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது.

வெளிப்புறத்து வெள்ளை, சிவப்பு, கறுப்புக் கோலம் சாயம் பூசியது என்று நினைத்திருப்பீர்கள். வெள்ளை ஒரு வகைப் புல், சிவப்பும் கறுப்பும் காட்டுச் செர்ரியின் பட்டை. ஒவ்வொரு தையல் போடும்போதும் ஒரு துண்டை அதன் அடியில் செருகி மடித்துவிடுவார்கள், அது வெளியே மட்டும் தெரியும், உள்ளே தெரியாது. கிட்டப் பார்த்தால் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். பட்டையைக் கறுப்பாக்க இரும்புச்சத்துள்ள சேற்றில் புதைத்து வைப்பார்கள், பிற்காலத்தில் துருப்பிடித்த இரும்போடு சேர்த்து ஊறவைத்தார்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோட்டுக்கு வெல்லத்தோடு இரும்புத் துருவை ஊறவைக்கிறார்களே, அதே சங்கதி இது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பதை உலகின் இரண்டு கோடியில் இருந்தவர்கள் அவரவர் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, சமையல். கூடையை அடுப்பில் வைப்பதே இல்லை. தண்ணீர் பட்டதும் வேர் ஊதிக்கொண்டு தையல் இடுக்கெல்லாம் அடைந்துவிடும், காய்ந்து கிடந்த மரத்தோணி தண்ணீரில் கிடந்தால் விரிசல் மூடிக்கொள்வதுபோல. பிறகு கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரக் கிடுக்கியால் எடுத்து, சாம்பல் போக இன்னொரு கூடைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சமையல் கூடைக்குள் போடுவார்கள். ஒரே இடத்தில் கிடந்தால் கூடை கருகும், அதனால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறிய கல்லை எடுத்துவிட்டு வேறு கல் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், மீன் வெந்துவிடும். இது அதிகமும் உள்நாட்டுப் பக்கத்து வழக்கம். கடலோரத்தில் ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்த மரப்பெட்டி இருந்தது, அதில் இதேபோல் கல் போட்டுச் சமைத்தார்கள்.

எல்லாக் கூடையும் தண்ணீர் தாங்க வேண்டும் என்பதும் இல்லை. சிப்பி பொறுக்கும் கூடையை வேண்டுமென்றே கண் கண்ணாக விட்டுப் பின்னுவார்கள், கடல்நீரில் ஒரு அலசு அலசினால் மணல் வடிந்துவிடும், அப்புறம் ஒரு பட்டையை நெற்றியில் மாட்டிக் கூடையை முதுகில் சுமந்து வருவார்கள். இதைப் படிக்கும்போது எனக்குப் பிச்சாவரம்தான் கண்ணில் வந்தது. உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்யும்.

பட்டையை உரித்தால் மரம் செத்துவிடாதா? காட்டை அழித்து அழகுப் பொருள் செய்ததைப் பாராட்ட வேண்டுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

சுற்றிலும் உரித்தால் செத்துவிடும் சார், அதனால்தான் அவர்கள் சுற்றிலும் உரிப்பதில்லை. வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் மரத்தில் சாறு ஓடும் நாட்களில், கிளை இல்லாத பக்கமாகப் பார்த்து, அடியில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு வெட்டு. பிறகு பட்டையைப் பிடித்து பின்னுக்கு நடந்துகொண்டே இழுத்தால், மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போய்ப் பல ஆள் உயரத்தில் தானாக அறுந்து விழும். ஒரு மரத்தில் ஒரு பட்டை, மிஞ்சினால் இரண்டு. எடுப்பதற்கு முன்னால் மரத்திடம் பேசுவார்கள், நன்றி சொல்வார்கள், இன்றைக்கும் அப்படித்தான். சொரசொரப்பான வெளிப்பட்டையை அந்தக் காட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு உள்பட்டையை மட்டும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரும்பாலும் ஒரு வருடம் காயவைத்து, அப்புறம் ஊறவைத்துக் கிழித்து வேலையைத் தொடங்குவார்கள்.

மரம் அந்தத் தழும்போடு வளர்ந்துகொண்டே இருக்கும். இருநூறு முந்நூறு வருடத்துக்கு முன்னால் பட்டை கொடுத்த மரங்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன. தழும்பின் ஓரத்து வளையங்களை எண்ணினால் எந்த வருடம் உரித்தது என்றே சொல்லிவிடலாம். வான்கூவர் தீவை ஒட்டிய மியர்ஸ் தீவில் மரம் வெட்ட ஒரு நிறுவனம் வந்தபோது, நூ-சா-நுல்த் மக்கள் நீதிமன்றம் போய் 1985-ல் தடை வாங்கினார்கள். தங்கள் முன்னோர் அந்தக் காட்டைப் பயன்படுத்தி வந்ததற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் இந்தத் தழும்பு மரங்களும் இருந்தன.

நம் பக்கத்திலும் இந்த அறிவு உண்டு. நான் பாகூர் பக்கம் அத்தை வீட்டில் வளர்ந்தவள். குருத்தோலை எடுக்க ஆள் ஏறும்போது அத்தை கீழே நின்று, "ஒண்ணு வெட்டு, மத்ததை விட்டுடு" என்று கத்திக்கொண்டே இருப்பார். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அதை மொட்டையடித்தால் மரம் பட்டுப்போகும். அதனால் காட்டை அழித்துச் செய்தது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கரையில் கேதுருக் காடுகளை மொத்தமாகச் சாய்த்தது மரக்கம்பெனிகள், கூடை முடைந்த பெண்கள் இல்லை.

அரிக்கமேட்டில் ரோமானிய ஜாடி கிடைக்கிறது, பாசிமணி கிடைக்கிறது. ஓலைப்பெட்டியோ கூடையோ ஏன் கிடைப்பதில்லை? அங்கே மட்டும் எப்படிப் பழைய கூடை மிஞ்சுகிறது?
– கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நல்ல கேள்வி தம்பி. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார், அதற்கு முன்னும் பின்னும் தோண்டியிருக்கிறார்கள். மண்ணும் கண்ணாடியும் கல்லும் வந்தன. அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிடமும் மீன் விற்றவர்களிடமும் கூடை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் நம் மண் மழையில் நனைகிறது, சித்திரையில் காய்கிறது, மறுபடி நனைகிறது, இடையில் கரையான் வேறு. ஓலையும் நாரும் மூங்கிலும் அதில் நிற்காது.

கூடை நிலைக்க வேண்டுமென்றால் ஒரே சீராக உலர்ந்து கிடக்க வேண்டும், அல்லது காற்றே புகாத ஈரத்தில் கிடக்க வேண்டும். இரண்டாவதுக்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் ஓஸெட் என்ற மாக்கா மக்களின் ஊர். முந்நூறு வருடத்துக்கும் முன்னால் மலைச்சரிவு சரிந்து வீடுகளை அப்படியே மூடிவிட்டது. 1970-ல் புயல் அலை கரையை அரித்தபோது உள்ளே இருந்தவை வெளியே தெரிந்தன. பதினொரு வருடம் தோண்டினார்கள். கரண்டி வைத்தால் நைந்துபோகும் என்று குழாயில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவிக் கழுவி எடுத்தார்கள். 55,000-க்கு மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன, கூடை, பாய், தொப்பி எல்லாம் அதில் உண்டு. எடுத்ததும் காற்றில் விட்டால் சுருங்கி உடையும் என்பதால், மெழுகு மாதிரியான ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பிறகு நடந்தது. தோண்டியெடுத்ததை வெளியூர் கொண்டுபோக மாக்கா மக்கள் விடவில்லை, தங்கள் ஊரான நியா பே-யில் 1979-ல் சொந்த அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, இது என்ன, இதற்கு நம் பேச்சில் என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பொருட்களை அடுக்கி வைத்திருப்பதுகூட மாக்கா மொழியின் வகைப்பாட்டைப் பின்பற்றித்தான். அரிக்கமேட்டு மாணவர்கள் யாராவது வீராம்பட்டினத்து மீனவப் பெரியவர்களோடு உட்கார்ந்து வலை, பறி, மிதவை, கல் என்று சொற்களைச் சேகரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், நீங்கள்கூடத் தொடங்கலாம்.

இழுப்பறைச் சீட்டில் மக்களின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வாங்கியவர் பெயர்கூட இருக்கிறது, செய்தவர் பெயர் மட்டும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஏன்? இதெல்லாம் பறித்துக்கொண்டு வந்ததுதானே, திருப்பிக் கொடுக்க வேண்டாமா?
– மஞ்சக்குப்பம் வாசகி, மற்றும் நெல்லிக்குப்பம் வாசகர்

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

பறித்தது உண்டு. கனடா அரசு அந்த மக்களின் பாட்லாட்ச் என்ற கொடைவிழாவை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. 1921-ல் நடந்த ஒரு விழாவுக்காக மக்களைச் சிறையில் போட்டு, முகமூடிகளையும் சடங்குப் பொருட்களையும் வாரிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அதில் ஒரு பகுதி வீடு திரும்பியது, அதை வைக்க 1980-ல் அலர்ட் பே ஊரில் உமிஸ்டா என்ற இல்லம் திறந்தார்கள்.

கூடைகளின் கதை பெரும்பாலும் வேறு. காடும் மீன்பிடித் துறையும் கையைவிட்டுப் போன பிறகு பெண்கள் கூடை முடைந்து, நகரத்தில் வீடு வீடாக விற்றார்கள். பல சமயம் காசு வராது, வீட்டுக்காரர்கள் பழைய துணியைக் கொடுத்துக் கூடையை எடுத்துக்கொள்வார்கள். நம் தெருவில் பழைய துணி போட்டுப் பாத்திரம் வாங்குவதை நினைத்துப்பாருங்கள். அங்கே மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கூடையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குக் குளிருக்கு ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் ஒரு தாய். வாங்கிய வீட்டுக்காரருக்கு அவள் பெயர் தெரியாமல் இருந்திருக்காது. சேகரிப்பாளர்களும் நேரில் பேசித்தான் வாங்கினார்கள். 'சேலிஷ் கூடை' என்று எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஓவியம் என்றால் கையெழுத்தைத் தேடுகிறவர்கள் கூடைக்கு அதைத் தேடவில்லை. இப்போது சில அருங்காட்சியகங்கள் சீட்டை மாற்றுகின்றன, 'பெயர் தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு 'ஒரு காலத்தில் தெரிந்திருந்த பெயர்' என்று எழுதுகிறார்கள். சின்ன மாற்றம், ஆனால் உண்மையான மாற்றம்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் வந்தது, முன்னோரின் எலும்புகள், கல்லறைப் பொருட்கள், புனிதப் பொருட்கள், ஒருவர் தனியாக விற்க உரிமையில்லாத பொதுப் பொருட்கள் ஆகியவற்றை உரிய மக்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. விற்பனைக்கென்று செய்த கூடை பெரும்பாலும் அதில் வராது. நம் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீஸ்வரர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் திரும்பி வந்தாரே, அது திருட்டு, அதில் இரண்டு பேச்சே இல்லை. விற்ற கூடையை அதோடு ஒன்றாக வைக்க எனக்குத் தயக்கம். ஆனால் அந்தப் பெண்ணின் பேத்திகள் வந்து கேட்டால் இழுப்பறையைத் திறந்து, கூடையை வெளியே எடுத்து, அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், தையலை எண்ண விட வேண்டும். பழைய கூடைகளை இப்படி ஆராய்ந்தே விட்டுப்போன வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்ட முடைநர்கள் அங்கே இருக்கிறார்கள். கொண்டுபோகவே வேண்டும் என்று குடும்பமே கேட்டால், கொடுத்துவிடுவதுதான் சரி என்பேன்.

மியூசியத்தில் கூடையைத் தொடும்போது கையுறை போடுகிறார்களே, கை அழுக்கு படாமல் இருக்கவா?
– வாசகர், வில்லியனூர்

அதுவும் உண்டு. முக்கியமாகத் தொடுகிறவரைக் காப்பாற்றத்தான். பூச்சி வராமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக், பாதரச உப்பு, பின்னால் டிடிடி என்று அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அது இன்னும் நாரில் இருக்கலாம். திருப்பிக் கொடுத்த தொப்பியைத் தலையில் வைத்து விழா கொண்டாட முடியாமல், முதலில் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்பது பெரிய வேதனை.

எங்கள் பாட்டி முடைந்த பனையோலைப் பெட்டி இருக்கிறது. தானே புயலில் கூரை பறந்து நனைந்ததிலிருந்து விளிம்பு விட்டுப்போய், கறுப்புப் புள்ளியும் உள்ளே பொடியும் தெரிகிறது. வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார் கணவர், அந்துருண்டை போடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, பாகூர்

இரண்டும் வேண்டாம் அம்மா. வார்னிஷ் சில வருடத்தில் மஞ்சளாகி உரியும், ஓலையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அந்துருண்டை வாடை ஓலையில் ஏறினால் போகாது, மூச்சுக்கும் நல்லதில்லை. சுவடிக்குப் பூசுவதுபோல எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சுவடி தட்டையானது, துடைத்து எடுத்துவிடலாம். பெட்டியின் பின்னல் இடுக்கில் எண்ணெய் தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும், அதனால் பெட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

உள்ளே பொடி விழுகிறது என்றால் பூச்சி இருக்கிறது. பெட்டியை ஒரு பழைய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி மூடி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பெரிய ஃப்ரீசர் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஓலை நனைந்துவிடும். அருங்காட்சியகங்களிலும் இந்த முறைதான், அவர்களுக்குக் குளிர் இன்னும் அதிகம்.

பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் வாசலில் வைத்துத் தட்டிவிடுங்கள், கறுப்புப் புள்ளி பூஞ்சை என்பதால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நிழலில் காற்றாடினால் போதும். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். விட்டுப்போன விளிம்பை ஃபெவிகால் போட்டு ஒட்டாமல், பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், நாளைக்குத் தெரிந்த கை வந்தால் அவிழ்த்துவிட்டு முறையாக நார் போட்டுப் பொத்தட்டும். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்கவே கூடாது, இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்க வேண்டும். காடாத்துணியைக் கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைத்து, உருண்டையாகச் சுருட்டி உள்ளே வைத்தால் வடிவம் நிற்கும். கஞ்சி இருந்தால் பூச்சிக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. சுவரை ஒட்டாமல், சமையலறைப் புகையும் ஜன்னல் வெளிச்சமும் படாத அலமாரியில் வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்னத் தாளில் பாட்டியின் பெயர், அவர் பிறந்த ஊர், எந்த வருடத்தில் முடைந்தது, யாரிடம் கற்றுக்கொண்டார், அதில் என்ன போட்டு வைப்பார் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.